லிம்ஃபோமா சாம்பிளில் புற்றுச்செல்லைப் பிரித்தறிதல்: ஃப்ளோ சைட்டோமெட்ரியில் வரும் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

லிம்ஃபோசைட் என்னும் வெள்ளையணுவில் வரும் புற்றான லிம்ஃபோமா என்ற சந்தேகத்தோடு வரும் சாம்பிளில் எது புற்றுச்செல், எது ஏதோ ஒரு கிருமியை எதிர்த்துப் பெருகிய சாதாரண லிம்ஃபோசைட் என்று கண்ணால் மட்டும் பிரிக்க முடிவதில்லை. மைக்ராஸ்கோப்பில் பல நேரம் இரண்டும் ஒரே மாதிரி சின்னதாக, உருண்டையாக, அடர்ந்த உட்கருவோடு இருக்கும். அதனால்தான் செல்லின் மேலுள்ள புரதங்களை ஒளிரும் ஆன்டிபாடிகளால் குறியிட்டு, ஒவ்வொரு செல்லாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கிறோம். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் இந்த முறை சரியாக நடக்கும் நாளில் பத்தாயிரத்தில் ஒரு செல்லைக்கூடப் பிடித்துவிடலாம். சரியாக நடக்காத நாளில் நிணநீர்க் கணு முழுக்க லிம்ஃபோமா இருந்தும் திரை சுத்தமாகத் தெரியும்.

இது லேப் டெக்னீஷியன்களுக்கும் பேத்தாலஜி முதுநிலை மாணவர்களுக்கும் எழுதியது. திரையில் தெரிவதை வைத்துக் காரணத்தைத் தேடிப் போகும் வரிசையில் இருக்கிறது. பொய்யான பாசிட்டிவை விடப் பொய்யான நெகட்டிவுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். தவறான பாசிட்டிவை பயாப்ஸியிலோ மரபணுச் சோதனையிலோ யாராவது பிடித்துவிடுவார்கள். "அசாதாரண செல் எதுவும் இல்லை" என்று போன ரிப்போர்ட்டை யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. கழுத்தில் கட்டியோடு வந்தவர் காசநோய் மாத்திரையோடு வீட்டுக்குப் போய், நான்கு மாதம் கழித்து இன்னும் பெரிய கட்டியோடு திரும்பி வருவார். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு சிக்கலிலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: நான் தேடும் செல் உயிரோடு, தனியாக, மறைக்கப்படாமல் லேசர் வரை வந்து சேர்ந்ததா?

## ஆன்டிபாடி ஊற்றும் முன்

எந்த சாம்பிளாக இருந்தாலும் ஒரு சொட்டு செல் கரைசலை எடுத்து சைட்டோஸ்பின் ஸ்லைடு (செல்களைச் சுழற்றிக் கண்ணாடியில் படியவைப்பது) ஒன்று போட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பாதிச் சிக்கல்களை அந்த ஒரு ஸ்லைடு தீர்த்துவிடும். டியூபுக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

டேட்டாவைத் திறந்ததும் சிடி மார்க்கர்களுக்கு (சிடி19, சிடி20 என்று எண்ணிட்ட செல் புரதங்களுக்கு) தாவாதீர்கள். முதலில் நேரத்தை ஒரு அச்சில் போட்டுப் பாருங்கள். ஓட்டம் நடுவில் அறுந்திருந்தால் அங்கே ஒரு பள்ளமோ குதிப்போ தெரியும். அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். அடுத்து செல்லின் அளவைக் காட்டும் ஃபார்வர்ட் ஸ்கேட்டர் சிக்னலின் பரப்பையும் உயரத்தையும் எதிரெதிரே வைத்து, ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்களை நீக்குங்கள். மூன்றாவது, இறந்த செல்லைக் காட்டிக்கொடுக்கும் உயிர்ச் சாயம். 7-ஏஏடி போன்ற சாயங்கள் செல்லை ஃபிக்ஸ் செய்யும் முன் போட்டால்தான் பொருள் உண்டு. ஃபார்மால்டிஹைடு கலந்த லைசிங் (சிவப்பணுவை உடைக்கும்) கரைசலைப் பயன்படுத்திய பிறகு போட்டால் எல்லா செல்லும் இறந்ததாகவே தெரியும்.

## செல் எண்ணிக்கை குறைவு, இருப்பதிலும் பாதி இறந்தவை

கணு பயாப்ஸி என்றால் முதல் கேள்வி, எதில் போட்டு அனுப்பினார்கள்? ஃபார்மலினில் முக்கிய திசுவில் ஃப்ளோ செய்ய முடியாது. ஆன்டிபாடி ஏறாது, செல் பிரியாது. ஆபரேஷன் தியேட்டரில் பழக்கத்தில் முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. இதற்குத் தீர்வு லேபில் இல்லை, தியேட்டரில்தான் இருக்கிறது. ஆர்பிஎம்ஐ ஊட்டக் கரைசல் நிரப்பிய டியூபை முன்கூட்டியே அனுப்பி வைத்து, துண்டில் ஒரு பகுதியை அதிலும் மீதியை ஃபார்மலினிலும் போடச் சொல்லுங்கள். வெறும் சலைன் சில மணி நேரம் தாங்கும், இரவு முழுக்கத் தாங்காது.

ரத்தமும் எலும்பு மஜ்ஜையும் அறை வெப்பநிலையில் வர வேண்டும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஐஸ் பெட்டியில் நேரடியாக ஐஸைத் தொட்டபடி வந்த ரத்தமும் கெடும், சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் நாலு மணி நேரம் சுற்றிய ரத்தமும் கெடும். டியூபைக் கையில் எடுத்ததும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மஜ்ஜை சாம்பிளில் சின்ன உறைகட்டி இருந்தாலும் புற்றுச்செல்கள் அதற்குள் சிக்கியிருக்கலாம். அதை எறிந்துவிட்டு மிச்சத்தை ஓட்டினால் கிடைக்கும் விகிதம் நம்பத்தக்கதல்ல.

மூளைத் தண்டுவட நீர் இன்னும் அவசரமானது. புரதம் குறைந்த அந்த நீரில் வெள்ளையணுக்கள் அரை மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வழியில்லை என்றால், செல்லைக் காக்கும் ட்ரான்ஸ்ஃபிக்ஸ் போன்ற கரைசல் உள்ள டியூபில் எடுக்கச் சொல்லுங்கள். மூளை லிம்ஃபோமாவில் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: சாம்பிள் எடுக்கும் முன் ஸ்டீராய்டு கொடுத்தார்களா? ஸ்டீராய்டு பட்டதும் லிம்ஃபோமா செல்கள் கரைந்து போகும். வீக்கம் குறைந்து நோயாளி தெளிவாவார், சாம்பிளில் தேடிய செல் இருக்காது.

எண்ணிக்கை குறைவாக வந்தால் எல்லா டியூபிலும் பங்கிட்டு ஊற்றி வீணாக்க வேண்டாம். இருப்பதை ஒரே டியூபில் போட்டு, சிடி45, சிடி19, சிடி20, கப்பா, லாம்டா, சிடி5, சிடி10, சிடி3 என்று முக்கியமானவற்றை ஒன்றாக ஏற்றுங்கள். இறந்த செல்கள் மிகுந்த சாம்பிளில் நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. ஆனால் அதில் தெளிவான குளோன் (ஒரே தாய்ச்செல்லில் இருந்து பெருகிய கூட்டம்) தெரிந்தால் அது செல்லுபடியாகும், மறுக்க வேண்டியதில்லை.

## கப்பா, லாம்டா இரண்டும் எல்லா பி செல்லிலும் ஒட்டுகின்றன

பி செல் என்பது ஆன்டிபாடியை உருவாக்கும் லிம்ஃபோசைட் வகை. முதிர்ந்த பி செல், ஆன்டிபாடியின் சிறு சங்கிலிகளான கப்பா, லாம்டா என்ற இரண்டு லைட் செயின்களில் ஒன்றையே தன் மேல் ஏந்தும். ஒரே தாய்ச்செல்லில் இருந்து பெருகிய லிம்ஃபோமா கூட்டம் முழுவதும் ஒன்றையே காட்டும். பி செல் லிம்ஃபோமாவை அடையாளம் காண நம்மிடம் உள்ள வலுவான சான்று இதுதான். அதனாலேயே இது கெடும்போது எல்லாமே கெட்டதுபோல ஆகிவிடுகிறது. திரையில் பி செல்கள் இரண்டு கூட்டமாகப் பிரியாமல் மூலைவிட்டத்தில் ஒரே கோடாக நீண்டு கிடந்தால், குற்றவாளி பெரும்பாலும் பிளாஸ்மா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லி பிளாஸ்மாவில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் ஐஜிஜி என்னும் இம்யூனோகுளோபுலின் (உடலின் சொந்த ஆன்டிபாடி) இருக்கிறது. நாம் எடுக்கும் 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்றால், அரை மில்லிகிராமுக்கு மேல் இம்யூனோகுளோபுலின் டியூபுக்குள் மிதக்கிறது. நாம் ஊற்றும் ஆன்டிபாடியோ மைக்ரோகிராம் அளவில். அது செல்லைத் தேடிப் போகும் முன்பே மிதக்கும் கப்பாவும் லாம்டாவும் அதைப் பிடித்துக்கொள்ளும். இதன் விளைவு இரண்டில் ஒன்றாக வரும்: ஒன்றுமே ஏறாமல் இரண்டும் மங்கிப் போகும், அல்லது செல்லின் மேல் ஒட்டியிருக்கும் அந்நிய இம்யூனோகுளோபுலினால் இரண்டும் ஏறும்.

கழுவுவதில்தான் தீர்வு, கழுவும் விதம் முக்கியம். 37 டிகிரிக்குச் சூடாக்கிய பிபிஎஸ் என்னும் உப்பு பஃபர் 3 முதல் 4 மில்லி ஊற்றுங்கள். சுழற்றி, மேல்நீரை வடித்துவிட்டு, டியூபின் அடியை விரலால் தட்டி பெல்லட்டை (அடியில் படிந்த செல் கட்டியை) முழுக்கக் கலைத்த பிறகே அடுத்த பஃபரை ஊற்றுங்கள். கலைக்காமல் மேலே ஊற்றினால் கட்டியின் நடுவில் பிளாஸ்மா அப்படியே தங்கிவிடும்; மூன்று முறை கழுவினாலும் ஒரு முறை கழுவிய பலன்தான். மூன்று சுற்று பொதுவாகப் போதும். வால்டன்ஸ்ட்ராம் நோய், மைலோமா போன்றவற்றில் பிளாஸ்மாவில் இம்யூனோகுளோபுலின் கொட்டிக் கிடக்கும், அங்கே ஐந்து சுற்றுகூட வேண்டியிருக்கும். குளிர்ந்த பஃபரால் கழுவினால் தளர்வாக ஒட்டியது உதிராது.

இன்னொரு பொறி, எஃப்சி ரிசெப்டரை (ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கும் செல் புரதத்தை) மறைக்க மனித இம்யூனோகுளோபுலினைப் போடுவது. மற்ற டியூபுகளில் அது நல்ல பழக்கம். லைட் செயின் டியூபில் அது நாமே கப்பாவையும் லாம்டாவையும் ஊற்றுவதற்குச் சமம்.

கழுவிய பின்னும் இரண்டும் ஏறினால் உங்கள் கேட்டை, அதாவது எந்த செல்களைக் கணக்கில் எடுப்பது என்று திரையில் போட்ட எல்லையைப் பாருங்கள். என்கே செல்களும் மோனோசைட்டுகளும் எஃப்சி ரிசெப்டர் வழியாக இம்யூனோகுளோபுலினைச் சுமப்பவை. வெறும் ஸ்கேட்டரை வைத்துப் போட்ட லிம்ஃபோசைட் கேட்டுக்குள் அவை நுழைந்திருக்கும். சிடி19 அல்லது சிடி20 உள்ள செல்லில் மட்டும் லைட் செயினைப் படியுங்கள்.

## இரண்டுமே ஏறவில்லை

லிம்ஃபோசைட்டின் மற்ற வகைகளான டி செல்லிலோ என்கே செல்லிலோ ஏறாதது இயல்பு. சிடி19, சிடி20 இரண்டும் பிரகாசமாக உள்ள முதிர்ந்த பி செல் கூட்டத்தில் கப்பாவும் இல்லை, லாம்டாவும் இல்லை என்றால் அதைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். அதே டியூபில் உள்ள சாதாரண பி செல்கள் ஒழுங்காகக் கப்பா, லாம்டா என்று பிரிந்திருக்கின்றனவா பாருங்கள். பிரிந்திருந்தால் ரீஏஜென்ட் நலம். லைட் செயினைத் தொலைத்த அந்தக் கூட்டமே அசாதாரணம். மார்புக் கூட்டில் வரும் பிரைமரி மீடியாஸ்டைனல் பி செல் லிம்ஃபோமா பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், சில ஃபாலிகுலர் லிம்ஃபோமாக்களும் உண்டு. ஒரு நிறுவனத்தின் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஏறாத இடத்தில் பாலிகுளோனல் ஆன்டிபாடி ஏறுவதும் உண்டு. மாற்றிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

## விகிதம் இயல்பாக இருக்கிறது, ஆனால் மருத்துவரின் சந்தேகம் போகவில்லை

மொத்த பி செல்லுக்குமான கப்பா–லாம்டா விகிதம் பல லேபுகளில் 0.5 முதல் 3 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த எண்ணை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஆயிரம் சாதாரண பி செல்லில் 600 கப்பா, 400 லாம்டா என்று வையுங்கள். அதற்குள் 200 லாம்டா லிம்ஃபோமா செல்கள் கலந்தால் 600க்கு 600 ஆகிறது. விகிதம் 1. எந்த வரம்பையும் மீறவில்லை. பி செல்லில் ஆறில் ஒன்று புற்று, ரிப்போர்ட்டில் இயல்பு!

ஆகவே பி செல்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள்: சிடி20 வழக்கத்தை விட மங்கலானவை, பிரகாசமானவை, ஃபார்வர்ட் ஸ்கேட்டரில் பெரியவை, சிடி5 உள்ளவை, சிடி10 உள்ளவை. ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே லைட் செயினைப் பாருங்கள். புற்றுக் கூட்டம் நெருக்கமாக, ஒரே இடத்தில் கொத்தாக நிற்கும். சாதாரண பி செல்கள் பரவிக் கிடக்கும்.

ஹேரி செல் லுகேமியா இந்த வகையில் பலரைத் திணறடிப்பது. அந்த செல்கள் பெரியவை, ஸ்கேட்டரில் லிம்ஃபோசைட் இடத்தை விட்டு மோனோசைட் இடத்தில் போய் நிற்கும். நோயாளிக்கு உண்மையான மோனோசைட் குறைந்தும் போயிருக்கும் என்பதால் அந்த இடம் நிரம்பி இருப்பதைப் பார்த்து மனம் சமாதானம் ஆகிவிடும். அங்கே சிடி19 உள்ளதா என்று பார்த்து, இருந்தால் சிடி11சி, சிடி25, சிடி103, சிடி123 போடுங்கள். நான்கும் ஏறினால் ஏறக்குறைய முடிந்த விஷயம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வீங்கிய டான்சிலிலோ, ஹாஷிமோட்டோ தைராய்டிலோ சிடி10 உள்ள சில பி செல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கலாம். திசுவின் அமைப்பைப் பார்க்காமல் விகிதத்தை மட்டும் வைத்து லிம்ஃபோமா என்று எழுதிவிட வேண்டாம்.

## சிடி5, சிடி19 இரண்டும் உள்ள செல்கள் தெரிகின்றன

இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் சிஎல்எல் (நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா) என்று எழுதத் தோன்றும். அதற்கு முன் அது உண்மையான ஒற்றைச் செல்தானா என்று உறுதி செய்யுங்கள். டி செல் சிடி5 ஏந்தும், பி செல் சிடி19 ஏந்தும். இரண்டும் ஒட்டிக்கொண்டு லேசர் முன் சேர்ந்து ஓடினால் மெஷின் அதை இரண்டும் உள்ள ஒரே செல்லாக எண்ணும். பழைய சாம்பிளிலும், அளவுக்கு மீறி வேகமாக ஓட்டிய சாம்பிளிலும் இது அதிகம்.

கண்டுபிடிப்பது எளிது. சிஎல்எல் செல்லில் சிடி5 டி செல்லை விட மங்கலாக இருக்கும். ஒட்டிய இரட்டையில் சிடி5 டி செல்லுக்கு நிகரான பிரகாசத்தில் நிற்கும், சிடி3யும் கூடவே ஏறியிருக்கும், கப்பா, லாம்டா இரண்டு வகையும் கலந்திருக்கும். இந்த மூன்றையும் பார்த்த பிறகு சந்தேகம் மிஞ்சாது. ஒட்டாத, உண்மையான சிடி5 பி செல்கள் சிறிதளவு எல்லோரிடமும் உண்டு, குழந்தைகளிடம் கூடுதல். அவையும் கலவையாகவே இருக்கும்.

உண்மையான குளோன்தான் என்று தெரிந்தபின் சிஎல்எல்லா, மேன்டில் செல் லிம்ஃபோமாவா என்ற கேள்வி வருகிறது. சிகிச்சை வெவ்வேறு என்பதால் இதில் அவசரப்படக் கூடாது. சிஎல்எல்லில் சிடி23 இருக்கும், சிடி200 பிரகாசமாக இருக்கும், சிடி20யும் லைட் செயினும் மங்கல், எஃப்எம்சி7 இல்லை, சிடி79பி மங்கல் அல்லது இல்லை. மேன்டிலில் பெரும்பாலும் இதன் மறுபக்கம். சிடி5, சிடி23, எஃப்எம்சி7, லைட் செயின், சிடி79பி ஆகிய ஐந்தில் சிஎல்எல்லுக்குரிய விதத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கும் மட்யூட்டஸ் முறையில் 4, 5 வந்தால் சிஎல்எல். 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் 11, 14-ஆம் குரோமோசோம் இடமாற்றத்துக்கு ஃபிஷ் சோதனையோ (குரோமோசோமில் ஒளிரும் குறியிட்டுப் பார்ப்பது), திசுவில் சைக்ளின் டி1 சாயமோ கேட்டு எழுதுங்கள். ரத்தத்தில் குளோன் செல்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5,000க்குக் குறைவாக இருந்து, கணு வீக்கம் போன்ற வேறு அறிகுறி எதுவும் இல்லை என்றால் சிஎல்எல் என்ற பெயரையே வைக்கக் கூடாது. அது மோனோகுளோனல் பி செல் லிம்ஃபோசைட்டோசிஸ். பலருக்கு வாழ்நாள் முழுக்கச் சிகிச்சையே தேவைப்படாது. பெயர் மாறினால் அந்தக் குடும்பத்தின் தூக்கமே மாறிவிடும்.

## சிடி10 உள்ள பி செல்கள்

மஜ்ஜையா, கணுவா என்பதைப் பொறுத்தது. மஜ்ஜையில், அதிலும் குழந்தைகளிடமும் கீமோ முடித்தவர்களிடமும், ஹீமடோகோன் என்னும் இயல்பான இளம் பி செல்கள் நிறைய இருக்கும். சிடி20 இல்லாத நிலையிலிருந்து பிரகாசமான நிலை வரை அவை ஒரு வளைவாக நீளும். சிடி38 பளிச்சென்று இருக்கும், சிடி45 மங்கல். வளைவு அறாமல் தொடர்ந்தால் இயல்பு. ஒரே இடத்தில் குவிந்து நின்றால் கவலை.

கணுவில் ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்றால் சிடி19 சற்று மங்கி, சிடி38 வழக்கத்தை விடக் குறைந்து, செல்லுக்குள் பிசிஎல்2 ஏறியிருக்கும். கிருமியால் வீங்கிய கணுவின் ஜெர்மினல் சென்டர் செல்லில் சிடி38 பிரகாசம், பிசிஎல்2 இல்லை. பர்க்கிட் லிம்ஃபோமாவிலும் சிடி38 பிரகாசம், பிசிஎல்2 இல்லை. ஆனால் லைட் செயின் ஒன்றே. இங்கேதான் ஸ்லைடு கைகொடுக்கும். குமிழ் குமிழாக நீல சைட்டோபிளாசம் தெரிந்தால் உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள், ரிப்போர்ட் டைப் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

## பி செல்லே காணோம்

சிகிச்சை விவரம் கேளுங்கள். ரிட்டுக்ஸிமாப் எடுத்தவரின் சிடி20யை மருந்தே மறைத்திருக்கும். நம் ஆன்டிபாடி போய் உட்கார இடம் இருக்காது. சிடி20யை வைத்து கேட் போட்டிருந்தால் மிஞ்சிய லிம்ஃபோமா முழுவதும் கண்ணுக்குத் தப்பும். சிடி19, சிடி22, செல்லுக்குள் சிடி79ஏ ஆகியவற்றுக்கு மாறுங்கள். சிடி19ஐக் குறிவைக்கும் கார்-டி செல் சிகிச்சைக்கோ பிளினாட்டுமோமாபுக்கோ பிறகு வந்த சாம்பிளில் சிடி19 தொலைந்திருக்கலாம், அங்கே சிடி22, சிடி24 வேண்டும். டாராட்டுமுமாப் எடுத்தவரிடம் சிடி38ஐ நம்ப முடியாது. கோரிக்கைப் படிவத்தில் மருந்துப் பெயருக்கு ஒரு கட்டம் வைத்து, அது காலியாக வந்தால் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

## ஸ்லைடில் பெரிய செல்கள், திரையில் சின்ன லிம்ஃபோசைட்டுகள் மட்டும்

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இது.

டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமாவின் செல்கள் பெரியவை, நொய்வானவை. திசுவைச் சல்லடையில் தேய்க்கும்போதும், லைசிஸ் கரைசலில் அதிக நேரம் விடும்போதும், வேகமாகச் சுழற்றும்போதும் முதலில் உடைவது அவையே. பக்கத்தில் நிற்கும் சின்ன டி செல்கள் எதையும் தாங்கும். எனவே நூற்றுக்கு எண்பது லிம்ஃபோமா செல் இருந்த கணுவிலிருந்து நூற்றுக்கு ஐந்து மட்டும் மெஷினுக்கு வரலாம். வந்த ஐந்தையும் நாமே தொலைப்பதும் நடக்கிறது; சின்ன லிம்ஃபோசைட்டைச் சுற்றி இறுக்கமாகப் போட்ட கேட்டுக்கு வெளியே, ஃபார்வர்ட் ஸ்கேட்டரின் வலது கோடியில், சில நேரம் அச்சைத் தாண்டியே அவை போய் நிற்கும்.

செய்ய வேண்டியது: கேட்டைக் கழற்றிவிட்டு, உயிருள்ள ஒற்றைச் செல்கள் அனைத்திலும் சிடி19ஐயும் ஃபார்வர்ட் ஸ்கேட்டரையும் எதிரெதிரே போடுங்கள். வலது ஓரத்தில் செல்கள் அப்பிக்கொண்டு நின்றால் டிடெக்டர் வோல்டேஜைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். சாம்பிள் மிச்சம் இருந்தால் திசுவைத் தேய்க்காமல், பிளேடால் மென்மையாக நறுக்கி ஆர்பிஎம்ஐயில் அலசி எடுத்த செல்லைப் பயன்படுத்துங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால், ஸ்லைடில் பெரிய அசாதாரண செல்கள் இருப்பதையும் ஃப்ளோவில் அவை மீளவில்லை என்பதையும் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா இன்னும் கடினம். அதன் புற்றுச்செல்களான ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்கள் கணுவில் பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, சுற்றிலும் டி செல்கள் பூவிதழ்போல ஒட்டியிருக்கும். அந்தக் கொத்து முழுவதும் ஒன்றாக ஓடும்போது சிடி3, சிடி5, சிடி45 எல்லாம் ஏறி, நம் இரட்டைச் செல் கேட்டிலேயே வெளியே போய்விடும். 1994-இல் ரால்ஃப் கியூப்பர்ஸும் சகாக்களும் திசுத் துண்டிலிருந்து இந்த செல்களை மைக்ரோபிப்பெட்டால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, இம்யூனோகுளோபுலின் ஜீனை பிசிஆரில் படித்து, இவை பி செல்லிலிருந்து வந்தவை என்று காட்டினார்கள். ஃப்ளோவில் இவற்றைப் பிரிக்கும் வழியை 2006-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோனத்தன் ஃப்ரோம் குழு வெளியிட்டது. டி செல் ஒட்டும் பிடிகளான சிடி2, சிடி58 போன்றவற்றை ஒளிராத ஆன்டிபாடிகளால் முதலில் அடைத்து ஒட்டலைத் தளர்த்தி, சிடி30, சிடி15, சிடி40, சிடி95 ஆகியவற்றால் தேடுவது அந்த முறை. எல்லா லேபுகளாலும் இதைச் செய்ய முடியாது. செய்ய முடியாத லேபின் சாதாரண பேனலில் ஹாட்ஜ்கின் தெரியாது என்பதை மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

## டி செல் வேறு மாதிரி இருக்கிறது, குளோனா என்று தெரியவில்லை

கப்பா–லாம்டா போல எளிய வழி டி செல்லுக்கு நெடுநாள் இருந்ததில்லை. இப்போது டிஆர்பிசி1 ஆன்டிபாடி வந்திருக்கிறது. டி செல் ரிசெப்டரின் பீட்டா சங்கிலிக்கு இரண்டு அடிப்பகுதிகள் உண்டு. ஒரு செல் இரண்டில் ஒன்றையே எடுக்கும். சாதாரணக் கூட்டம் கலந்திருக்கும், குளோன் முழுவதும் ஏறும் அல்லது முழுவதும் ஏறாது. மேற்பரப்பில் சிடி3 இல்லாத செல்லிலும் காமா–டெல்டா டி செல்லிலும் இதைப் படிக்கக் கூடாது. அங்கே ஏறாததற்குப் பொருளே இல்லை.

ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் டி செல் லிம்ஃபோமாவில் அந்தச் சிடி3தான் மங்கும் அல்லது மறையும். சிடி3ஐ வைத்து டி செல் கேட் போட்டால் நோயே கேட்டுக்கு வெளியே போகும். சிடி4, சிடி2, சிடி5 வழியாகத் தேடி, சிடி10 கூடவே இருக்கிறதா பாருங்கள். மார்புக் கூட்டுக் கட்டியில் சிடி4, சிடி8 இரண்டும் உள்ள செல்கள் வந்தால் லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமா என்று பதற வேண்டாம். தைமோமாவில் உள்ள இயல்பான தைமஸ் செல்களும் அப்படியே. சிடி3 இல்லாத நிலையிலிருந்து முழுமை வரை வழுக்கிக்கொண்டு போனால் அவை தைமஸ் செல்கள்.

## நிறங்கள் குழம்புகின்றன

ஏற வேண்டாத இடத்தில் பி.இ. (ஃபைகோஎரித்ரின் என்னும் ஒளிரும் சாயம்) நிறம் ஏறினால், பி.இ.-சை7 போன்ற, இரண்டு சாயங்களைக் கோத்த டேண்டம் சாயம் வெளிச்சத்தில் உடைந்திருக்கலாம். புதிய குப்பியைத் திறந்து ஒப்பிடுங்கள். ஒரு நிறம் இன்னொன்றில் கசிவதைத் திருத்தும் பழைய காம்பன்சேஷன் கோப்பைப் பல மாதம் இழுக்காமல், புது லாட் வரும்போதெல்லாம் ஒற்றை நிற பீடுகளால் மறுபடி போடுங்கள். எல்லை எங்கே என்று குழப்பமானால் அந்த ஒரு ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஏற்றிய டியூபோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி.

## மரபணுச் சோதனைக்காகப் பிரித்தெடுத்த செல் சுத்தமாக இல்லை

நார்வேயின் ஆர்னே பையூம் 1968-இல் விவரித்த அடர்த்திக் கரைசல் முறையையே இன்றும் பயன்படுத்துகிறோம்: ஒரு மில்லிக்கு 1.077 கிராம் அடர்த்தி. அதன் மேல் ரத்தத்தை ஊற்றிச் சுழற்றினால் லிம்ஃபோசைட்டுகள் நடு வளையத்தில் நிற்கும், சிவப்பணுவும் கிரானுலோசைட்டும் அடியில் போகும். வளையமே தெரியவில்லை என்றால் சுழற்றும் மெஷினை பிரேக் போட்டு நிறுத்தியிருப்பீர்கள், அல்லது ரத்தத்தை மேலே ஊற்றும்போது கலக்கியிருப்பீர்கள். வளையத்தில் சிவப்பணு மிதந்தால் கரைசல் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்கும். 18 முதல் 20 டிகிரிக்கு வரவிடுங்கள். கிரானுலோசைட் கலந்தால் ரத்தம் பழையது. இந்த முறையில் செல் இழப்பு உண்டு, எல்லா வகையும் ஒரே அளவில் இழக்கப்படுவதில்லை. ஆகவே நோயை அறியும் டியூபுக்கு சிவப்பணுவை மட்டும் உடைக்கும் அம்மோனியம் குளோரைடே மேல். அடர்த்திக் கரைசலை டிஎன்ஏ எடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

காந்த மணிகளால் சிடி19 செல்லைப் பிரித்தால் சாதாரண பி செல்லும் புற்று பி செல்லும் சேர்ந்தே வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளோனை மட்டும் வேண்டுமானால் அதன் லைட் செயின், சிடி5 அல்லது சிடி10 வைத்து செல் சார்ட்டரில்தான் பிரிக்க வேண்டும். காந்த மணிகளைப் பிடித்து வைக்கும் குழாய் அடைத்துக்கொண்டால் இறந்த செல்லிலிருந்து கசிந்த டிஎன்ஏ பிசின்போல ஒட்டியிருக்கும்: சிறிது டிஎன்ஏஸ் சேர்த்து, 30 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியாக விட்டு, இடிடிஏ கலந்த குளிர்ந்த பஃபரில் வேலை செய்யுங்கள். சார்ட்டரில் பெரிய செல்கள் உடைந்தால் நாஸிலைப் பாருங்கள். துளை செல்லைப் போல ஐந்து மடங்காவது அகலம் இருக்க வேண்டும். 70 மைக்ரோமீட்டரை விட்டு 100க்கு மாறினால் அழுத்தமும் குறையும்.

## சிகிச்சைக்குப் பின் மிஞ்சியதைத் தேடுகிறேன், நாலைந்து புள்ளிகள் தெரிகின்றன

நாலைந்து புள்ளிகளால் எதையும் சொல்ல முடியாது. பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் 50 செல்கள் சேர வேண்டுமானால் 5 லட்சம் செல்களை ஓட்டியாக வேண்டும். ஓட்டியது 50,000 என்றால் ரிப்போர்ட்டில் அந்த எண்ணையே போட்டு, எந்த அளவு வரை பார்க்க முடிந்தது என்று எழுதுங்கள். புள்ளிகள் கொத்தாக, எல்லா மார்க்கரிலும் பழைய நோயின் இடத்திலேயே நின்றால் நம்பலாம். சிதறிக் கிடந்தால் நம்ப முடியாது.

கொத்தாக நின்றாலும் அதற்கு முன் ஓடிய சாம்பிள் யாருடையது என்று பாருங்கள். முந்தைய டியூபில் லட்சக்கணக்கில் சிஎல்எல் செல்கள் இருந்திருந்தால், குழாயில் தங்கியவை இந்த நோயாளியின் கணக்கில் வந்து சேரும். நேர அச்சில் போட்டால் அவை தொடக்கத்தில் மட்டும் கூடி நிற்பது தெரியும். இத்தகைய சாம்பிளுக்கு முன்பு நீர்த்த பிளீச்சும் நீரும் ஓட்டி, வெற்று பஃபர் டியூப் ஒன்றை அளந்து, அது சுத்தமாக இருந்தால்தான் தொடங்க வேண்டும்.

## எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை

அப்போது "லிம்ஃபோமா இல்லை" என்று எழுதாதீர்கள். "பெறப்பட்ட சாம்பிளில் குளோனல் பி செல் கூட்டமோ, மாறுபட்ட டி செல் கூட்டமோ காணப்படவில்லை" என்று எழுதி, உயிருள்ள செல் எத்தனை சதவீதம், மொத்தம் எத்தனை செல் ஓடியது, ஸ்லைடில் என்ன தெரிந்தது என்பதைக் கீழேயே சேர்த்துவிடுங்கள். ஊசியில் எடுத்த சாம்பிளாக இருந்து கணு இன்னும் வீங்கியே இருந்தால், முழுக் கணுவையும் அறுத்தெடுத்து, பாதி ஆர்பிஎம்ஐயிலும் பாதி ஃபார்மலினிலுமாக அனுப்பும்படி கடைசி வரியில் கேளுங்கள். அந்த வரியைப் படித்தார்களா என்று மறுநாள் வார்டுக்குப் போன் செய்து கேட்பதும் இந்த வேலையின் பகுதியே.